பிடிக்க அரைமணி, தங்கவைக்க மூன்று வாரம்

"அண்ணே, நம்ப கோயில் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள தேனீ கூடு கட்டிருச்சு. திருவிழாவுக்கு இன்னும் பதினாலு நாள்தான். பந்தத்தைக் கொளுத்திக் காட்டிடவா?"

கோயில் கமிட்டித் தம்பி ஒருவர் போனில் கேட்டது. பந்தம் காட்டியிருந்தால் தேனீயும் செத்திருக்கும், பலகைப் பெட்டியும் எரிந்திருக்கும், கொட்டு வாங்கிய நாலு பேர் கிளினிக்கில் வரிசை பிடித்திருப்பார்கள். "தொடாதீங்க, சாயங்காலம் வர்றேன்" என்றேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். 2007இல் ஊர்ப்பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுநடுவே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். பொந்துள்ள கிழட்டு மரங்கள் குறைந்துபோன இடத்தில் தேனீ எங்கே போகும்? லெட்டர் பெட்டி, தூக்கிப்போட்ட ஐஸ்பெட்டி, லயத்து வீட்டுப் பலகைச் சுவரின் இடுக்கு, கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் வயிறு, புல் முளைத்துக் கிடக்கும் பழைய சாகா காரின் கதவு என்று இருட்டும் சின்ன வாசலும் எங்கே கிடைத்தாலும் அங்கே குடிபுகுந்துவிடும்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனீயைப் பெட்டிக்குள் போடுவது பெரிய வித்தையில்லை. போட்ட தேனீ மறுநாளும் அதே பெட்டியில் இருக்க வேண்டும், அங்கேதான் எல்லாரும் தோற்கிறோம். நான் முதலில் எடுத்த மூன்று கூட்டமும் ஒரு வாரத்துக்குள் கிளம்பிவிட்டன.

முதலில் அது தேனீதானா?

பாதி அழைப்புகளில் அது தேனீயாகவே இருக்காது. சாம்பல் நிறக் காகிதம் போல உருண்டையான கூடு, கறுத்த உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை என்றால் அது குளவி. மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்கள். அதை நீங்கள் தொடவே கூடாது. 999ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து எடுப்பார்கள்.

உயரமான மரக்கிளையிலோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ வெட்டவெளியில் ஒரே ஓர் அடை, அதுவும் ஒரு கை அகலத்துக்கு மேல் தொங்கினால் அது மலைத்தேனீ. துவாலாங் மரத்தில் கட்டுவதால் மலாயில் லெபா துவாலாங் என்ற பெயர். பெட்டிக்குள் வாழாத இனம். கோபம் வந்தால் நெடுந்தூரம் துரத்திக்கொண்டு வரும், ஆளைக் கொன்றதும் உண்டு. அதற்கும் 999தான். ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். பருவம் முடிந்ததும் அதுவே இடம் மாறிவிடும்.

புதரில் சின்னக் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை இருந்தால் கொம்புத்தேனீ. அதுவும் பெட்டிக்கு வராது. சுவர் ஓட்டையிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கெலுலுட், அதாவது கொடுக்கில்லாத கொசுத்தேனீ. அதைக் கண்டு ஓட வேண்டியதில்லை. அதை வளர்க்கிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், சொன்னால் ஓடி வந்து எடுத்துப்போவார்கள்.

மிச்சம் இருப்பதுதான் நம் ஆள்: அடுக்குத் தேனீ, ஏப்பிஸ் செரானா. இருட்டான பொந்துக்குள் பல அடைகளை வரிசையாக, பக்கம் பக்கமாகக் கட்டும். பெட்டியில் தட்டிப் பாருங்கள், உள்ளே எல்லாம் சேர்ந்து பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்' என்று ஓர் ஒலி எழுப்பும். முதல்முறை கேட்டபோது நான் ஏணியிலிருந்து இறங்கியே விட்டேன்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடை எதுவும் இல்லாமல் மாங்கிளையில் கொத்தாகத் தொங்கினால் அது கூடு இல்லை. தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து வந்து, புது வீடு தேடி இளைப்பாறும் கூட்டம். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வருவதால் சாதுவாக இருக்கும். ஓரிரு நாளில் தானாகவே பறந்துவிடும். யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் கயிறு கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், போதும்.

எதைத் தொடக் கூடாது

மின்சார மீட்டர் பெட்டிக்குள் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள். மின்வாரியமான தெனாகாவின் 15454க்கு அழைத்து, இணைப்பைத் துண்டித்த பிறகுதான் மற்றதெல்லாம். பழைய லயங்களின் அஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறாதீர்கள். தேனீ கொட்டியதைவிட ஓடு உடைந்து விழுந்தவர்கள் பட்ட பாட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோட்டத்து எல்லைக்குள் என்றால் நிர்வாகத்திடம் வாய்வார்த்தையாகவாவது அனுமதி வாங்குங்கள். அப்படியே மருந்து எப்போது அடிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பனையில் இலை தின்னும் கூண்டுப்புழு விழுந்து பூச்சிமருந்து அடிக்கிற சமயத்தில் அதே பிளாக்குக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தால் கொள்ளியைக் கையில் கொடுத்த கதைதான்.

முன்பு ஒரு கொட்டுக்கே முகம் வீங்கியவர், மூச்சு முட்டியவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. மற்றவர்களும் தனியாகப் போகாதீர்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசனை போல ஒன்று வரும். 'இங்கே வந்து கொட்டுங்கள்' என்று மற்ற தேனீக்களுக்குப் போகும் தந்தி அது. கொட்டிய இடத்தில் புகை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேலைக்கு முன் வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. உதடு, நாக்கு வீங்கினாலோ தலைசுற்றி மூச்சு இழுத்தாலோ 999. நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

வலைத் தொப்பி, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கால்சட்டையை உள்ளே திணித்த ரப்பர் பூட்ஸ். சென்ட், தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். ரொட்டி அறுக்கும் நீளக் கத்தி, கோழியிறகு அல்லது மெல்லிய பிரஷ், மூடியுள்ள வாளி இரண்டு, தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில். புகைப்பானில் போட காய்ந்த தேங்காய்த் தும்பு. டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள், தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது.

அடுத்து பெட்டி. நாலைந்து சட்டங்கள் உள்ள மரப்பெட்டி போதும். நம் தேனீ சின்னது, கூட்டமும் சின்னது. பெரிய பெட்டி கொடுத்தால் வெறிச்சோடிய வீட்டில் குடியிருக்க அதற்குப் பிடிக்காது. புது வார்னிஷ், பெயிண்டு வாடை அடிக்கும் பெட்டி அதைவிட மோசம். முன்பு தேனீ இருந்த பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் உள்பக்கம் கொஞ்சம் பழைய தேன்மெழுகைத் தேயுங்கள். பெட்டி செய்ய ஆளில்லாத காலத்தில் தென்னங்கட்டையைக் குடைந்து கெலோடோக் செய்வார்கள். அதில் தேனீ நன்றாகத் தங்கும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. புதியவருக்குச் சட்டப்பெட்டிதான் நல்லது.

பெண்கள் முடி சுருட்டப் போடும் பிளாஸ்டிக் ரோலர் ஒன்றும் வேண்டும், எதற்கென்று பிறகு சொல்கிறேன். கடைசியாக ரப்பர் பேண்டு அல்லது ஈரவாழைநார். பிளாஸ்டிக் கயிறு கூடாது, தேனீயால் அதைக் கடித்து வெளியே போட முடியாது.

வெட்டி எடுக்கும் மாலை

மழை இல்லாத, இடி இடிக்காத நாளாகப் பாருங்கள். மதியத்து மழைக்கு முன்னால் தேனீக்கள் எல்லாம் வீட்டில் கோபமாக உட்கார்ந்திருக்கும். நான் ஐந்தரை மணிவாக்கில் ஆரம்பிப்பேன். நம் பக்கம் ஏழு, ஏழரை மணிவாக்கில்தான் பொழுது சாயும், அதனால் வெட்ட வெளிச்சமும் இருக்கும், முடித்துவிட்டு இருட்டுக்காகக் காத்திருக்க நேரமும் இருக்கும்.

வாசலை ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். கால்களில் மஞ்சளாக மகரந்தப் பொட்டலம் கட்டிக்கொண்டு தேனீக்கள் உள்ளே போகிறதா? அப்படியென்றால் உள்ளே புழு, அதாவது தேனீயின் குஞ்சு, இருக்கிறது. இது நல்ல செய்தி, ஏன் என்று கீழே வரும்.

வாசலில் இரண்டு மூன்று ஊதுக்குமேல் புகை வேண்டாம். இத்தாலித் தேனீ வளர்க்கிறவர்கள் புகையை அள்ளி விடுவார்கள், அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. அடுக்குத் தேனீ புகை அதிகமானால் அடையை விட்டு மொத்தமாக இறங்கி ஓடும், ராணியும் அந்தக் கூட்டத்தோடு ஓடிவிடுவாள். ஊதிவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு மூடியையோ பலகையையோ மெதுவாகக் கழற்றுங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது, திருகாணி கழற்றுவது மேல்.

அடைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ஓரத்து அடைகளில் பெரும்பாலும் தேன்தான் இருக்கும். அவை மூடி போட்ட வாளிக்குப் போகட்டும். தேன் அடையைச் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்குள் வைப்பது புதியவர் செய்யும் தவறு. பாரம் தாங்காமல் விழும், ஒழுகும், தேனீ மூழ்கிச் சாகும், விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவது சரிதான், ஆனால் வாளியை மூடிவிட்டு நக்குங்கள்.

நடு அடைகளில் புழு இருக்கும். தட்டையான மூடி போட்ட சின்ன அறைகள் வேலைக்காரத் தேனீக்கு. குமிழ் போல் மேலே உப்பி, உச்சியில் ஊசித்துளை உள்ள மூடி என்றால் ஆண் தேனீ, அந்தத் துளை இந்த இனத்தின் அடையாளம். புழு அடைகளைச் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி வைத்து, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தலைகீழாக வைத்தால் அறைகளின் சாய்வு மாறிவிடும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் தேனீ நடந்துபோக 8 மில்லிமீட்டர்போல இடம் விடுங்கள். வெயிலில் அடையை ஆட்டி வேடிக்கை காட்டாதீர்கள், புழு காய்ந்துவிடும்.

இப்போது ராணி. அவள் எல்லாரையும்விட நீளம், நிறம் கறுப்பு, வயிறு இறக்கையைத் தாண்டி நீண்டிருக்கும். வெளிச்சத்தைக் கண்டதும் இருண்ட மூலைக்கு ஓடுவாள். ஸ்பீக்கர் பெட்டியில் கடைசி மூலையில், காந்தத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தாள். கிடைத்தால் விரலால் நசுக்காமல் ரோலரின் வாய்க்குள் நடக்கவிட்டு இரு பக்கமும் அடையுங்கள், துளைகள் வழியாக மற்ற தேனீக்கள் அவளுக்கு ஊட்டும். அந்த ரோலரைப் புழு அடைகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். ராணி கிடைக்காவிட்டால் மூலையில் கொத்தாக இருக்கும் தேனீக்களைக் கையாலோ மக்காலோ அள்ளிப் பெட்டிக்குள் போடுங்கள். பெரும்பாலும் அந்தக் கொத்துக்குள்தான் அவள் இருப்பாள்.

பெட்டியின் வாசல் பழைய வாசல் இருந்த இடத்துக்கே வரும்படி வைத்துவிட்டு, பத்தடி தள்ளி உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் பலகையில் சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கை அடிக்கும். 'வீடு இங்கே' என்று வாசனை விட்டு மற்றவர்களை அழைக்கிற வேலை அது. அதைப் பார்த்தால் ராணி உள்ளே இருக்கிறாள் என்று நம்பலாம். மாறாக உள்ளே போன தேனீக்கள் திரும்பி வந்து பழைய இடத்து மூலையிலேயே கொத்தாகினால் ராணி அங்கேதான் இருக்கிறாள், மறுபடி தேடுங்கள். தண்ணீர் ஸ்ப்ரே இப்போதுதான் உதவும், இறக்கை நனைந்தால் பறக்காது, அள்ளுவது சுலபம்.

ஏழே முக்கால்வாக்கில் வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பியிருப்பார்கள். வாசலில் கம்பிவலை வைத்து மூடுங்கள். நெகிழிப் பை போட்டுக் காற்றை அடைத்தால் வழியிலேயே வெந்து மெழுகெல்லாம் உருகி நிற்கும்.

உடைக்க முடியாத சிமெண்டுச் சுவருக்குள் இருந்தால்? வாசலில் கம்பிவலைக் கூம்பு பொருத்தி, வெளியே வந்தவை திரும்பிப் போகாமல் பக்கத்தில் வைத்த பெட்டியில் சேரச் செய்வார்கள். வாரக்கணக்கில் இழுக்கும், ராணி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுவாள். முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே வைப்பது

நான் பிடித்த முதல் கூட்டத்தை ஐந்நூறு மீட்டர் தள்ளி என் வீட்டுப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலையில் பாதிப் பேர் பழைய இடத்துக்கே போய் வெற்றுச் சுவரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே போய்வரும் தேனீக்கு வழி மனப்பாடம். அதனால் குடியிருந்த கூட்டத்தை 2, 3 கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள். கிளையில் தொங்கும் புதுக்கூட்டத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதற்கு இன்னும் வீடே இல்லை.

காலை வெயில் படும், மதியம் நிழல் விழும் இடம். இரவில் தெருவிளக்கு வாசலில் அடிக்கக் கூடாது, தேனீ விளக்கைச் சுற்றியே செத்துப்போகும். சாப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பனை மகரந்தம் தரும், தேனுக்கு அதை நம்ப முடியாது. பால்மரக் காலத்தில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது, துளிர் இலையின் காம்பிலிருந்து இனிப்பு சுரக்கும், பூவே தேவையில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் தேனீக்கு விழுந்த அடி அதுதான். இப்போது தென்னை, பெலிம்பிங் மரம், வேலியில் படரும் இளஞ்சிவப்பு ஆயர் மாத்தா பெங்கந்தின் கொடி இருக்கிற வீட்டுத் தோட்டங்கள்தான் கைகொடுக்கின்றன.

பெட்டியை நாலு கால் ஸ்டாண்டில் வையுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலையும் டின்னில் நிறுத்துவது வழக்கம். ஆனால் டின்னில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏடிஸ் கொசுப்புழு பிடித்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரி 500 வெள்ளி அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், தேனீ வளர்க்கிறேன் என்று சொன்னால் கேட்க மாட்டார். பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றி, மழைநீர் சேராமல் மேலே ஒரு தகடு போடுங்கள்.

அந்த மூன்று வாரம்

அடுக்குத் தேனீக்கு வீட்டை விட்டு ஓடுவது கைவந்த கலை. எறும்பு, மெழுகுப்பூச்சி, பசி, அடிக்கடி மூடி திறக்கும் முதலாளி என்று ஏதாவது ஒரு காரணம் போதும். அதைக் கட்டிப்போடுவது புழு. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கூட்டம் லேசில் கிளம்பாது. வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளியே வர ஏறத்தாழ 20 நாள். புதுப் பெட்டியில் ராணி இட்ட முட்டை தேனீயாக நடந்து வந்துவிட்டால் அந்த வீடு அவர்களுடையது. என் மூன்று வாரக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

முதல் இரவே ஊட்டத்தைத் தொடங்குங்கள். 1 கிலோ வெள்ளைச் சீனிக்கு 1 லிட்டர் வெந்நீர், கரைத்து ஆறவைத்து, சின்னத் தட்டில் ஊற்றி, மூழ்காமல் இருக்க ஈர்க்குச்சிகள் போட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இருட்டிய பிறகு மட்டும், விடிவதற்குள் காலியாகும் அளவு. வெளியே சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். குலா மெலாக்கா எனும் தென்னைச் சர்க்கரை வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. கடைத்தேனும் வேண்டாம், எங்கிருந்தோ வந்த நோய் உங்கள் பெட்டிக்குள் போகும்.

ராணியை மூன்றாம் நாள் மாலை ரோலரிலிருந்து விடுங்கள். அதற்குமுன் பாகு ஊற்றுவதற்குத் தவிர வேறெதற்கும் பெட்டியைத் திறக்காதீர்கள். "ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று கை அரிக்கும். எனக்கும் அரித்தது, இரண்டாவது கூட்டம் அப்படித்தான் போயிற்று. பிறகு ஒரு வாரம் வாசலை மட்டும் பாருங்கள். மகரந்தம் உள்ளே போகிறதா, கடித்துத் துப்பிய ரப்பர் துணுக்குகள் வாசலுக்குக் கீழே கிடக்கின்றனவா? இரண்டும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பத்தாம் நாள்போல ஒருமுறை திறந்து ஒரே ஒரு நடுச்சட்டத்தைத் தூக்குங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அறைக்குள் பாருங்கள். சேமியாவைப் பொடிப்பொடியாக உடைத்து நட்டுவைத்ததுபோல் அடியில் முட்டை நின்றால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். அடையில் வெள்ளை நூலாம்படை ஓடியிருந்தால் மெழுகுப்பூச்சி, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். மகரந்தம் வருவது நின்று, புழு இல்லாமல், சேர்த்த தேனும் தீர்ந்துகொண்டே வந்தால் மூட்டை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது பாகைக் கூட்டி, எறும்பைப் பார்த்து, முடிந்தால் வேறு பெட்டியிலிருந்து ஒரு புழுச்சட்டம் கொடுத்துப் பாருங்கள். சில சமயம் நிற்கும். போகிறதென்றால் போகட்டும், துரத்திப் பிடித்து மறுபடி அடைப்பதில் பயனில்லை.

பழைய இடம்

இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அடை இருந்த பொந்தைச் சுரண்டி, மிச்சத் தேனைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஓட்டையைச் சிமெண்டாலோ கம்பிவலையாலோ அடையுங்கள். விட்டால் தேன் புளித்து ஒழுகும், எலியும் எறும்பும் வரும். மெழுகு வாசனை மாதக்கணக்கில் நிற்கும், அடுத்த பருவத்தில் இன்னொரு கூட்டம் அதே இடத்துக்கு வரும். கோயில் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் கொசுவலைக் கம்பி அடித்துக் கொடுத்தேன். சுரண்டிய மெழுகைத் தூக்கிப் போடவில்லை. பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளும் பழைய பலகைப் பெட்டி ஒன்றின் உள்பக்கம் அதைத் தேய்த்து, கோயிலுக்குப் பின்னால் அரசமரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்தேன். நாலு மாதம் கழித்து அந்தத் தம்பி மறுபடி போன் செய்தார்.

"அண்ணே, பெட்டியில வந்திருச்சு. இப்ப என்ன செய்ய?"

"ஒன்னும் செய்யாதீங்க," என்றேன். "ராத்திரி எட்டு மணிக்கு வர்றேன்."